ஒற்றைச் செடி சொல்லும் பாடம்



அபிராமத்தில் நடந்த குழுக் கூட்டத்தில் ஆடு வளர்க்கும் அக்கா ஒருவர் சொன்னார்: "முன்னெல்லாம் கண்மாய்க் கரையில உடைமரம் நிறைய நின்னுச்சு. நெத்து உதிர்ந்தா ஆட்டுக்குத் தீவனப் பஞ்சமே இல்ல. இப்ப எங்க பார்த்தாலும் சீமைக்கருவேலந்தான்."

கரிமூட்டம் போடும் நமக்கு சீமைக்கருவேலம் சோறு போடுகிறது, உண்மைதான். ஆனால் உடைமரம் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் மட்டுமே சொந்தம். இங்கே அழிந்தால் வேறு எங்கே போய்த் தேடுவது?

இப்படிக் குறைந்துவரும் செடிகளைக் காப்பதும் தாவரவியல் பூங்காவின் வேலை. பூங்கா என்றதும் ஊட்டி மலர்க் கண்காட்சிதான் நம் நினைவுக்கு வரும். பூ மட்டுமில்லை. விதையை எங்கே எடுத்தோம் என்று பதிவு செய்து, நாற்றாக்கி, தேவைப்படும்போது சொந்த ஊருக்கே திருப்பித் தருவார்கள். நம் குழுச் சேமிப்பு மாதிரிதான்.

ஒரு உண்மைக் கதை

மொரீசியஸ் நாட்டைச் சேர்ந்தது ரோட்ரிக்ஸ் தீவு. அங்கே அழிந்துவிட்டதாக நினைத்த 'கஃபே மரோன்' என்ற செடியை, 1980 வாக்கில் ஒரு பள்ளி மாணவன் கண்டுபிடித்தான். இருந்தது ஒரே ஒரு செடி! 1986இல் அதன் கிளை லண்டனில் உள்ள கியூ தாவரவியல் பூங்காவுக்குப் போனது. அங்கே வளர்ந்தது, பூத்தது, ஆனால் காய்க்கவில்லை. 2003இல்தான் விதை கிடைத்தது. பிறகு கன்றுகள் தீவுக்கே திரும்பின.

ஒன்று மிஞ்சும்வரை காத்திருந்தால் எவ்வளவு பாடு, பார்த்தீர்களா?

நம் மாநிலத்திலும் ஆரோவில் தாவரவியல் பூங்கா 2000இல் தொடங்கியது. நம் கிழக்குக் கடற்கரைக் காட்டு மரங்களை அங்கே வளர்க்கிறார்கள்.

நாம் செய்யக்கூடியது

1. ஒரே மரத்தில் விதை எடுக்காமல், பல உடைமரங்களில் முற்றிய நெற்று சேகரிப்போம். எந்த ஊர், எந்த மாதம் என்று குழு நோட்டில் எழுதுவோம்.
2. விதைத் தோல் கெட்டியானது. கொதித்து இறக்கிய வெந்நீரை ஊற்றி, ஒரு நாள் ஊறவிட்டு, பாலிதீன் பையில் போடுவோம்.
3. ஐப்பசி மழையில் கன்று நடுவோம். ஆடு கடிக்காமல் முள் அடைப்போம்.

கூட்டத்தில் பேசுங்கள்

* உங்கள் பாட்டி காலத்தில் இருந்து, இப்போது காணாத செடிகள் எவை?
* இன்னும் எங்கே நிற்கின்றன?
* அதன் விதையை எடுத்துவைக்கும் பொறுப்பு யாருக்கு?

மூன்றாவது கேள்விக்கு ஒரு பெயர் எழுதிய பிறகு கூட்டத்தை முடியுங்கள்.