ஆள் இல்லாத தீவு

கார் நிக்கோபாரின் தென்கரையில் நின்று கடலைப் பாருங்கள். என்ன தெரிகிறது? தண்ணீர்தான் தெரிகிறது. ஆனால் தெற்கே சுமார் 30 கிலோமீட்டர் போனால் ஒரு தீவு இருக்கிறது. அதன் பெயர் பட்டிமால்வ்.

சின்னத் தீவு. பரப்பு சுமார் 2 சதுர கிலோமீட்டர். அங்கே வீடு இல்லை. கடை இல்லை. கோயிலும் இல்லை, சர்ச்சும் இல்லை. ஒரு கலங்கரை விளக்கம் மட்டும் நிற்கிறது. மற்றதெல்லாம் காடு. 1985-ஆம் ஆண்டு அரசு அதைச் சரணாலயம் என்று அறிவித்தது. சரணாலயம் என்றால் அடைக்கலம் தரும் இடம். யாருக்கு அடைக்கலம்? முக்கியமாக ஒரு புறாவுக்கு.

மாலை வகுப்பில் இதைச் சொன்னேன். சாலை வேலை செய்யும் அண்ணன் ஒருவர் கேட்டார்:

"ஏன் தம்பி, எங்களுக்கு வாடகைக்கு ஒரு ரூம் கிடைக்க மாட்டேங்குது. புறாவுக்கு ஒரு தீவா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அது நியாயமான கேள்வி.

அந்தப் புறாவின் பெயர் நிக்கோபார் புறா. ஊர்ப் புறாவைவிடப் பெரியது. முதுகு பச்சையும் செம்பும் கலந்து மின்னும். கழுத்தில் சேவலுக்கு இருப்பது போல நீண்ட இறகுகள் தொங்கும். வால் மட்டும் வெள்ளை. இருட்டும் நேரத்தில் கூட்டமாகக் கடலைத் தாண்டும்போது, முன்னால் போகும் புறாவின் வெள்ளை வால் பின்னால் வருவதற்கு வழிகாட்டும் என்று சொல்கிறார்கள். குஞ்சுகளுக்கு வால் கறுப்பு. வளர்ந்த பிறகுதான் வெளுக்கும்.

இந்தப் புறா தீவு விட்டுத் தீவு பறந்து இரை தேடும். கூடு கட்ட மட்டும் ஆள் இல்லாத சின்னத் தீவாகப் பார்க்கும். நிக்கோபாரில் இதற்குப் பெரிய கூடுகட்டும் இடம் பட்டிமால்வ்தான். ஒரு முறைக்கு ஒரே ஒரு முட்டை. கோழி போலப் பத்து முட்டை இடாது. அந்த ஒரு முட்டை போனால் அந்த முறை குஞ்சு இல்லை.

முட்டைக்கு யார் எதிரி? பாம்பு, பருந்து எப்போதும் உண்டு. அவற்றோடு புறா பழகிவிட்டது. புதிய எதிரி நம்மோடு வருகிறது. எலி! படகில் அரிசி மூட்டை இருந்தால் எலி இருக்கும். சினை எலி ஒன்று கரை ஏறினால் போதும். சில மாதங்களில் கூட்டமாகிவிடும். மரம் ஏறும், முட்டையைத் தின்னும், குஞ்சையும் தின்னும். பூனையும் நாயும் அப்படித்தான்.

இது கற்பனைப் பயம் இல்லை. நடந்த கதை ஒன்று உண்டு. மொரீஷியஸ் தீவில் டோடோ என்ற பறவை இருந்தது. அதனால் பறக்க முடியாது. 1598-இல் டச்சுக்காரர்கள் அங்கே இறங்கினார்கள். கப்பல்களோடு எலி, பன்றி, குரங்கு எல்லாம் வந்து சேர்ந்தன. தரையில் இருந்த முட்டைகளை அவை தின்றன. காட்டையும் வெட்டினார்கள். நூறு ஆண்டுக்குள் டோடோ அழிந்தது. இன்று அந்த நாட்டுச் சின்னத்தில் டோடோவின் படம் இருக்கிறது. (அந்த நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தும் இருக்கிறது!) ஆனால் பறவை இல்லை. 2002-இல் விஞ்ஞானிகள் ஓர் ஆய்வு செய்தார்கள். இன்று உயிரோடு இருக்கும் பறவைகளில் டோடோவுக்கு மிக நெருங்கிய சொந்தம் எது என்று பார்த்தார்கள். நம் நிக்கோபார் புறாதான்.

"சரி தம்பி, புறா இருந்தா எனக்கு என்ன லாபம்?" என்றார் அண்ணன். விடுவதாக இல்லை.

கார் நிக்கோபாரின் தரை பவளப் பாறையால் ஆனது. தட்டையான தரை. பெரிய ஆறு இல்லை. மழைத் தண்ணீர் பாறைக்குள் இறங்குகிறது. உள்ளே கடல் தண்ணீரும் இருக்கிறது. நல்ல தண்ணீர் லேசானது. அது உப்புத் தண்ணீரின் மேல் ஒரு படலமாக மிதக்கிறது. நம் கிணற்றில் இறைப்பது அந்தப் படலத்தைத்தான். 2004 டிசம்பர் 26-இல் சுனாமி வந்தபோது கிணறுகள் உப்பாகிப் போனதைப் பெரியவர்கள் மறக்க மாட்டார்கள்.

மழை தரையில் இறங்க மரம் வேண்டும். இலைச் சருகும் மண்ணும் தண்ணீரைப் பிடித்து மெல்ல உள்ளே விடும். காட்டில் மரம் நடுவது யார்? நாம் நட்டது தென்னை. மற்ற மரங்களில் பலவற்றைப் பழம் தின்னும் பறவைகளும் வௌவால்களும் விதைக்கின்றன. பழத்தை விழுங்கும், பறந்து போகும், வேறு இடத்தில் விதையைப் போடும்.

உண்மையைச் சொல்ல வேண்டும். நிக்கோபார் புறா பல விதைகளை வயிற்றில் அரைத்துவிடும். விதைக்கும் வேலையில் நம் காட்டின் மற்ற பெரிய புறாக்களே கெட்டி. ஆனால் காடு ஒரு பெரிய குடும்பம் மாதிரி. ஒருவர் விதைப்பார், ஒருவர் களை எடுப்பார், ஒருவர் குப்பை கூட்டுவார். யார் வேலை எது என்று நமக்கு முழுதாகத் தெரியும் முன்பே ஒருவரை வெளியே தள்ளுவது புத்திசாலித்தனம் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இந்தப் புறா இருக்கிறது. வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. ஆனால் நிக்கோபாரிப் பழங்குடி மக்களுக்கு 1967-ஆம் ஆண்டு ஆணை தந்த வேட்டை உரிமையை இந்தச் சட்டம் பறிக்கவில்லை. இது அவர்கள் மண். காட்டில் எதை எப்போது எடுக்கலாம் என்று அவர்களுக்குப் பழைய கட்டுப்பாடுகள் உண்டு.

வேலைக்காக வந்த நமக்கு அந்த உரிமை இல்லை. "ஒரு நாள் ருசி பார்க்கலாமே" என்று காசை நீட்டுவதும் தவறுதான். வீட்டுக்குப் பிடிப்பவர் ஒன்று இரண்டோடு நிறுத்துவார். விலை வைத்துவிட்டால் கணக்கு ஏது?

சரணாலயம் என்று எழுதி வைத்தால் மட்டும் போதாது. பெரிய நிக்கோபாருக்குப் பக்கத்தில் மெகாபோடு தீவு என்று ஒரு சரணாலயம் இருந்தது. மண்ணும் சருகும் குவித்து அதற்குள் முட்டையிடும் மெகாபோடு பறவையின் தீவு. சுனாமியில் கடலுக்குள் போய்விட்டது. அதே பெரிய நிக்கோபாரில் தோணி ஆமைகள் முட்டையிட வரும் கலாத்தியா வளைகுடா, 2021-இல் துறைமுகத் திட்டத்துக்காகச் சரணாலயப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. ஒன்றைக் கடல் எடுத்தது. மற்றொன்றை மனிதர் எடுத்தார்கள். பட்டிமால்வ் இன்னும் இருக்கிறது.

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ டிங்கியில மூட்டை ஏத்தும்போது எலி இருக்கான்னு பாக்கணும்" என்றார்.

பேசிப் பாருங்கள்: சுனாமிக்கு முன் உங்கள் பகுதிக் கிணற்றுத் தண்ணீர் எப்படி இருந்தது? இப்போது எப்படி இருக்கிறது? பக்கத்து வீட்டு நிக்கோபாரிப் பெரியவரைக் கேளுங்கள். அவர் சொன்னதை ஐந்து வரியில் எழுதிக்கொண்டு வாருங்கள்.