பழைய புல்லட்டுக்குக் கார்பரேட்டரா, இன்ஜெக்ஷனா?

வார்ப்பிரும்பு இன்ஜின் கொண்ட பழைய புல்லட் 350-ஐ 500 ஆக்கிக் கேமும் சைலன்சரும் மாற்றுகிறவர்கள் பலர், அந்தக் கையோடு கார்பரேட்டரையும் கழற்றிவிட்டு இன்ஜெக்ஷன் போட்டால் என்ன என்று கேட்கிறார்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தபின் புது வண்டிகளில் கார்பரேட்டர் ஏறக்குறைய மறைந்தே போனதால், அது தோற்றுப்போன கருவி என்ற எண்ணம் பரவியிருக்கிறது. ஆனால் தொழிற்சாலைகளை மாறவைத்தது முக்கியமாக அந்தப் புகை விதிதான். ஒரே மாதிரி இன்ஜின் லட்சக்கணக்கில் தயாராகும்போது, அதற்கான எரிபொருள் அட்டவணையை ஒருமுறை உழைத்து எழுதிவிட்டால் போதும். மாற்றியமைத்த இன்ஜினோ அந்த ஒன்றுதான். அதன் அட்டவணையை யாராவது அதிலேயே அளந்துதான் எழுத வேண்டும். அளக்க வசதியும் ஆளும் உண்டா என்பதை வைத்தே இந்தத் தேர்வைச் செய்ய வேண்டும். எது புதியது என்பதை வைத்து அல்ல.

350-இன் போர் 70 மில்லிமீட்டர், 500-இன் போர் 84. ஸ்ட்ரோக் இரண்டிலும் 90தான். சிலிண்டர் பெருத்தால் அதிகக் காற்று உள்ளே இழுபடும். கார்பரேட்டரில் அந்த இழுப்பே பெட்ரோலையும் கூடுதலாக உறிஞ்சிவிடுகிறது. அளவு துல்லியமாக இராது, ஆனால் வண்டி ஓடும். பிறகு பைலட் ஜெட், நீடில், மெயின் ஜெட் என்று சரிசெய்துகொண்டே போகலாம். இன்ஜெக்ஷனுக்கு இந்த இயல்பு கிடையாது, அட்டவணையில் எழுதிய அளவைத்தான் அது தெளிக்கும். ஆர்பிஎம் ஒரு பக்கம், லோடு மறுபக்கம் என 16-க்கு 16 கட்டம் போட்டால் 256 எண்கள். நெருக்கமாகத் திருத்த முடிவது அதன் பலம். கேட்பாரற்று விட்டால் அதுவே பலவீனம். அதிலும் புல்லட் ஒற்றை சிலிண்டர் வண்டி. இன்டேக் குழாயின் வெற்றிடம் ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் துள்ளும். பெரிய கேம் போட்டால் ஐடிலில் இன்னும் குழம்பும். அந்த அழுத்தத்தை நம்பிக் கணக்குப் போடும் இசியு அங்கே தடுமாறுகிறது. திராட்டில் திறப்பை வைத்துக் கணக்கிடச் செய்யலாம், ஆனால் அதற்கும் டைனோவில் ஏற்றி நிதானமாக மேப் எழுதுபவர் வேண்டும். மின்சாரம் அடுத்த தலைவலி. டேங்கிலிருந்து தானாக இறங்கும் பெட்ரோல் போய், ஏறத்தாழ 3 பார் அழுத்தம் தரும் பம்ப் வருகிறது. பம்ப், இன்ஜெக்டர், இசியு மூன்றுக்கும் நிலையான 12 வோல்ட் வேண்டும். 6 வோல்ட் வண்டியில் முதல் செலவே சார்ஜிங்கும் வயரிங்கும்தான்.

ஆக்சிஜன் சென்சார் எல்லாவற்றையும் தானே திருத்தாதா என்று கேட்கலாம். சாதாரண நேரோபேண்ட் சென்சார், பெட்ரோலுக்கு 14.7-க்கு 1 என்ற காற்று விகிதத்தை ஒட்டித்தான் தெளிவாகப் பேசும். முழு திராட்டிலில் தேவைப்படும் 12.5, 13 பக்கம் அதற்குப் பார்வை கிடையாது. ஆனால் பிஸ்டன் உருகும் ஆபத்து அங்கேதான். எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்துவிட்டதே என்ற கவலை நியாயமானது: எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் பழைய ஜெட்டில் கலவை லீன் ஆகும், ரப்பர் பாகங்களும் கெடலாம். ஆனால் எங்கும் அதே எரிபொருள்தான் என்றால், ஒருமுறை ஜெட் மாற்றி, எத்தனால் தாங்கும் குழாய் போட்டால் தீர்ந்தது. மலைதான் உண்மையான எதிர்வாதம். 2,240 மீட்டர் உயர ஊட்டியில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்பரேட்டர் ரிச் ஆகி மூச்சுத் திணறும். இன்ஜெக்ஷன் காற்றழுத்தத்தை அளந்து பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். மாதம் தவறாமல் மலை ஏறுபவர், 12 வோல்ட் ஆல்டர்னேட்டர் வைத்திருப்பவர், இன்ஜினில் இனி எதையும் மாற்றப்போவதில்லை என்பவர், இந்த மூவரும் ஒருவரே என்றால், மேப் எழுத ஆளும் இருந்தால், இன்ஜெக்ஷனுக்குப் போகலாம்.

மற்றவர்களுக்கு என் பரிந்துரை நல்ல ஸ்லைடு கார்பரேட்டர். கூடவே பெண்ட் பைப்பில் ஒரு நட்டு வெல்டிங் வைத்து வைட்பேண்ட் மீட்டர் பொருத்துங்கள். பிளக் நிறம் பார்த்து ஊகிப்பதைவிட அது எத்தனையோ மேல். கம்பெனியிலேயே இன்ஜெக்ஷனோடு வந்த கிளாசிக் 500-ஐக் கழற்றிக் கார்பரேட்டர் போடும் நாகரிகத்துக்கு மட்டும் இந்த வாதத்தில் இடமில்லை. அதன் சென்சார், பம்ப், வயரிங் எல்லாம் ஏற்கெனவே பொருந்தி நிற்கின்றன. மேப்பைத் திருத்தினாலே போதும். எதை எடுத்தாலும், மேனிஃபோல்டில் காற்றுக் கசிவும் டைமிங்கும் முதலில் சரியாகட்டும். அந்த இரண்டும் கெட்டிருந்தால் மீட்டர் காட்டும் எண்ணை வைத்து ஜெட்டையும் தேர்ந்தெடுக்க முடியாது, மேப்பையும் எழுத முடியாது.