சருகும் மூலதனமே

கரும்பு வெட்டு முடிந்ததும் சோகைக்குத் தீ வைப்போர் மண்டகப்பட்டு, செஞ்சிப் பகுதி உழவரிடையேயும் உண்டு. அத்தீயில் அழிவது யாது என்பதைக் கொக்கோத் தோப்பைக் கொண்டு எளிதில் விளக்கலாம்.

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கங்களில் தென்னையின் நிழலில் கொக்கோ ஊடுபயிராக வளர்கிறது. அதன் இலைகள் உதிர்ந்து தரைமீது சருகுப் போர்வையாகின்றன. பச்சை இலை காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று, அதன் கரியைத் தன் உடலாக்கிக் கொள்கிறது. காய்ந்த இலையின் எடையில் ஏறத்தாழப் பாதி கரியே. விழுந்த சருகை மண்புழுவும் பூஞ்சணமும் நுண்ணுயிர்களும் சிதைக்கின்றன. கரியில் பெரும்பகுதி மெல்ல மெல்லக் காற்றிற் கலக்கிறது. சிறுபகுதி மட்காகி மண்ணில் நெடுநாள் தங்கி ஈரம் காக்கிறது. தழைச்சத்தும் சாம்பற்சத்தும் மீண்டும் வேரை அடைகின்றன.

கொக்கோப் பூக்களில் மகரந்தம் சேர்க்கும் மிகச் சிறிய ஈக்களும் ஈரச் சருகிலேயே பெருகுகின்றன. ஆதலின் தரையைத் துடைத்து வைப்பது காய்ப்புக்கும் கேடாகும்.

கர்நாடக, கேரள உழவர்களுக்காக 1973-இல் தோன்றிய காம்ப்கோ கூட்டுறவு நிறுவனம், 1986-இல் புத்தூரில் சாக்லேட் ஆலையே அமைத்தது. எனினும் ஆலைக்கு வேண்டுவது விதை மட்டுமே. இலை தோப்பின் சொத்து.

இனி நம் கணக்கைப் பார்ப்போம். 100 கிலோ காய்ந்த சோகையில் கரி 45 கிலோ எனக் கொண்டால், முற்றும் எரிகையில் 165 கிலோ கரியமில வாயு எழும். தழைச்சத்தில் பெரும்பங்கும் புகையோடு போய்விடும். எஞ்சும் சாம்பலையும் காற்று வாரிச் செல்லும். சங்கத்தில் கடன் பெற்று யூரியா வாங்குபவர், வயலிலுள்ள தழைச்சத்தைத் தாமே கொளுத்தலாமா?

செய்ய வேண்டியது எளிது. சோகையை ஒரு சால் விட்டு ஒரு சாலில் பரப்பி, சாணக்கரைசல் தெளித்து ஈரமாக வைத்தல் வேண்டும். காய்ந்த சோகையில் கரி மிகுதி, தழைச்சத்துக் குறைவு. எனவே நுண்ணுயிர்கள் முதலில் மண்ணிலுள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். பயிர் சற்று வெளிறலாம். சாணமோ சிறிது யூரியாவோ சேர்த்தால் இக்குறை நீங்கும். நோயுற்ற பயிரின் கழிவை மட்டும் வயலில் விடலாகாது.

உறுப்பினர் ஒவ்வொருவரும் வரும் வெட்டின்போது கால் ஏக்கரிலேனும் சோகையை எரியாது பரப்புவாராக. மறுதாம்புப் பயிருக்கு இட்ட உரத்தையும் பாய்ச்சிய நீரையும் குறித்து வைத்து, எரித்த நிலத்தோடு ஒப்பிடுவாராக. அக்குறிப்புகளைச் சங்கக் கூட்டத்தில் படித்தால், ஒருவர் கண்ட பயன் ஊருக்கே உரியதாகும்.