ஏரி மீன்பிடிப்புக்குப் பழைய ஃபைபர் படகு: வாங்குவதும் பேணுவதும்

முந்தைய செங்கற்பட்டு மாவட்டம் 'ஏரி மாவட்டம்' என்றே பெயர் பெற்றது. அதிலிருந்து 1997-இல் உருவான காஞ்சிபுரம் மாவட்டத்தில் இன்றும் தென்னேரி, உத்திரமேரூர் போன்ற பெரிய ஏரிகள் உள்ளன. வடகிழக்குப் பருவமழையில் நிரம்பும் இந்த ஏரிகள் நெல்லுக்கு நீர் தருவதோடு கட்லா, ரோகு, மிர்கால், விரால் போன்ற மீன்களையும் தருகின்றன. மீன் பாசி ஏலம் எடுக்கும் குழுக்களில் சேர்ந்துள்ள உழவர் பெருமக்கள் பலர், கரையிலிருந்து வலை இழுத்தால் போதவில்லை, படகு ஒன்று வேண்டும் என்று எண்ணுகின்றனர். புதுப் படகின் விலை கையைக் கடிப்பதால் கடற்கரைக் குப்பங்களில் விற்பனைக்கு வரும் பழைய ஃபைபர் படகின் மேல் நாட்டம் செல்கிறது.

இவ்வகைப் படகுகள் தமிழ்நாட்டுக் கரையில் பெருகிய வரலாறு அண்மைக் காலத்தது. 1979-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், மணற்கரையில் ஏற்றி இறக்கக்கூடிய படகுகளை வடிவமைத்துச் சோதித்தது. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் ஃபைபர் படகுகள் பெருமளவில் மீனவர்களுக்கு வழங்கப்பட்டன. கட்டுமரம் இருந்த இடத்தைப் பல ஊர்களில் இவை பிடித்துக்கொண்டன. ஆகவே பழைய படகு கிடைப்பது அரிதன்று. நல்ல பழைய படகைத் தெரிந்து வாங்குவதும், வாங்கியதை ஏரிக்கு ஏற்றபடி ஆயத்தம் செய்வதும்தான் அரிது. இவ்விரண்டையும் இக்கட்டுரையில் காண்போம்.

முதலில் தேவையை அளவிடுங்கள்

உங்கள் ஏரியில் ஆண்டுக்கு எத்தனை மாதம் தண்ணீர் நிற்கிறது? அதில் எத்தனை நாள் வலை வீசுவீர்கள்? படகின் விலை, பழுது பார்க்கும் செலவு, கொண்டுவரும் வண்டி வாடகை ஆகிய மூன்றையும் கூட்டி, படகு உழைக்கும் என நீங்கள் எதிர்பார்க்கும் ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள். அதனோடு ஆண்டுப் பராமரிப்பைச் சேர்த்து, மீன்பிடி நாட்களால் வகுத்தால் ஒரு நாள் செலவு தெரியும். ஆண்டுக்கு இருபது நாள் மட்டுமே பிடிப்பவருக்கு வாடகைப் படகோ பரிசலோ போதும். நான்கைந்து ஏரிகளில் குத்தகை எடுக்கும் குழுவுக்குச் சொந்தப் படகு கட்டுப்படியாகும்.

அளவிலும் நிதானம் வேண்டும். கடலுக்குச் செய்த 28 அடிப் படகு ஏரிக்குப் பாரமே. நீர் வற்றி வரும் மாசி, பங்குனியில் அது சேற்றில் உட்கார்ந்துவிடும். இருவர் அல்லது மூவர் வலை இட 12 முதல் 16 அடி நீளமுள்ள, அடிப்பகுதி அகன்ற படகு பொருத்தமானது.

வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனைகள்

புதிதாக வண்ணம் பூசிய பழைய படகைக் கண்டால் இரட்டிப்பு எச்சரிக்கை தேவை. மாட்டின் பல்லைப் பார்க்காமல் விலை பேசாத நாம், படகின் அடியைப் பார்க்காமல் விலை பேசலாகாது. படகைக் கரையேற்றிக் கவிழ்த்து, கீழ்க்கண்டவற்றைச் செய்யவும்.

1. தட்டிப் பார்த்தல்: ஒரு ரூபாய் நாணயத்தால் அடிப்பகுதி முழுவதும் தட்டவும். கெட்டியான 'டக்' என்ற ஓசை வந்தால் நலம். மந்தமான, அமுங்கிய ஓசை வந்தால் நார் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்துள்ளன அல்லது உள்ளே நீர் புகுந்துள்ளது என்று பொருள். அந்த இடத்தைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு வைக்கவும்.

2. பின்பலகை: எஞ்சின் மாட்டும் பின்பலகையின் உள்ளே பெரும்பாலும் மரப்பலகை வைத்து, மேலே ஃபைபர் மூடியிருப்பார்கள். போல்ட்டுத் துளை வழியாக நீர் இறங்கினால் மரம் உள்ளுக்குள்ளேயே இற்றுவிடும், வெளியே தெரியாது. பலகையின் மேல் விளிம்பைப் பிடித்து முன்னும் பின்னும் பலமாக அசைக்கவும். அது நெளிந்தாலோ, துளையிலிருந்து பழுப்பு நீர் கசிந்தாலோ விலையைக் குறைத்துக் கேட்பதைவிட வேறு படகைப் பார்ப்பதே மேல்.

3. கொப்புளமும் வெடிப்பும்: மயிரிழை போன்ற மேற்பூச்சு வெடிப்புகள் பெரிய குறையல்ல. ஓரிடத்திலிருந்து நட்சத்திரம் போல் பரவும் வெடிப்பு, அங்கே பலத்த அடி விழுந்ததைக் காட்டும். அதன் உட்பக்கத்தையும் பார்க்கவும்.

4. நீர்ச் சோதனை: படகை நிமிர்த்தி, மணல் மூட்டைகளின் மேல் நன்றாகத் தாங்க வைத்து, உள்ளே நான்கு அங்குல ஆழம் நீர் ஊற்றவும். அதற்கு மேல் ஊற்றினால் பாரம் தாங்காமல் விரிசல் காணலாம். அரை மணி நேரத்தில் வெளியே ஈரம் கசியும் இடங்கள் தெரியவரும்.

கடல் மீன்பிடிப் படகுகள் 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவு பெறுபவை. எனவே விற்பனைக் கடிதம் எழுதி வாங்குவதோடு, பதிவை நீக்குவது பற்றி மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டறியவும். மானியத்தில் பெற்ற படகானால் அதை விற்க அனுமதி உண்டா என்பதையும் அங்கேயே தெளிவுபடுத்திக்கொள்ளவும்.

ஓட்டை அடைக்கும் முறை

காஞ்சிபுரத்தாருக்குப் பாவும் ஊடும் பற்றிச் சொல்லத் தேவையில்லை. தனி இழை அறும், நெய்த துணி தாங்கும். ஃபைபர் படகின் வலிமையும் கண்ணாடி நாரில்தான் உள்ளது. பிசின் அந்த நாரைப் பிடித்து வைக்கும் பசை மட்டுமே. ஆகவே ஓட்டையில் வெறும் பிசினையோ 'எம்சீல்' போன்ற பொருளையோ அப்பி வைப்பது நிலைக்காது.

பழுதான பகுதியை நல்ல நார் தெரியும்வரை தேய்த்து எடுக்கவும். ஓட்டையின் விளிம்பைச் செங்குத்தாக விடாமல், சுற்றிலும் இரண்டு அங்குலத்துக்குக் குறையாமல் சரிவாகத் தேய்க்கவும். இரண்டு நாள் வெயிலில் நன்கு உலர விடவும். ஈரத்தின் மேல் பிசின் பிடிக்காது. பிறகு அசிட்டோன் தோய்த்த துணியால் எண்ணெய்ப் பசை போகத் துடைக்கவும். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள கண்ணாடி நார் மேட்டைச் சிறியது முதல் பெரியது வரை வட்டங்களாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பிசின் தோய்த்து ஒட்டவும். ஒரு கிலோ மேட்டுக்கு இரண்டு முதல் இரண்டரைக் கிலோ பிசின் தேவைப்படும். குமிழி இல்லாதபடி தூரிகையால் குத்திக் குத்தி அமுக்கவும். வேலையை நிழலில் செய்யவும். கடும் வெயிலில் பிசின் கலயத்திலேயே இறுகிவிடும்.

ஓர் எச்சரிக்கை: பிசினுடன் சேர்க்கும் ஆக்சிலரேட்டரையும் கேட்டலிஸ்ட்டையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. அவை தீப்பற்றி வெடிக்கும். ஆக்சிலரேட்டரை முதலில் பிசினில் முழுவதும் கலக்கிவிட்டு, அதன் பின்னரே கேட்டலிஸ்ட்டைச் சேர்க்கவும். பொதுவாகக் கிலோவுக்கு 10 முதல் 20 மில்லி கேட்டலிஸ்ட் போதும். கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வை போகக்கூடும். கண்ணாடியும் கையுறையும் அணியவும். தப்பித் தவறிப் பட்டால் கால் மணி நேரம் தொடர்ந்து தண்ணீரில் கழுவி, உடனே மருத்துவரிடம் செல்லவும்.

எஞ்சினுக்கு முன் மிதவை

படகு வாங்கியவர் அடுத்து எஞ்சினைத் தேடுவது வழக்கம். அதற்கு முன் செய்ய வேண்டிய செலவு ஒன்று உண்டு. மரப்படகில் நீர் நிறைந்தாலும் மரம் மிதக்கும். ஃபைபர் தண்ணீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமானது. நீர் நிறைந்த ஃபைபர் படகு, மிதவை அறை இல்லையேல், கல்லைப் போல் அடியில் போய்ச் சேரும். பிடித்துத் தொங்க எதுவும் மிஞ்சாது. பழைய படகுகளில் மிதவை அறைகள் உடைந்தோ, உள்ளே நீர் ஊறியோ இருப்பது உண்டு.

அமெரிக்காவில் பாஸ் என்னும் நன்னீர் மீனைப் பிடிப்பதற்கென்றே ஏரிப் படகுகள் தயாராகின்றன. அங்கே 1971-இல் வந்த படகுப் பாதுகாப்புச் சட்டத்தைத் தொடர்ந்து, 20 அடிக்கு உட்பட்ட மோட்டார் படகுகள் நீர் நிறைந்தாலும் மூழ்காதவாறு மிதவை வைத்தே செய்யப்பட வேண்டும் என்ற விதி ஏற்பட்டது. அந்தப் பாதுகாப்பை நாம் குறைந்த செலவில் செய்துகொள்ளலாம். கோயில் தெப்பத்தின் அடியில் காலிப் பீப்பாய்களை அடுக்கிக் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே முறைதான் இது.

கணக்கு எளிது. 150 கிலோ எடையுள்ள ஃபைபர் படகு நீருக்குள் சுமார் 50 கிலோ பாரம் காட்டும். 40 கிலோ எஞ்சின் சுமார் 35 கிலோ. பிடித்துக்கொண்டு மிதக்கும் இருவருக்கு 20 கிலோ. ஆக 105 கிலோ. இறுக மூடிய 20 லிட்டர் பிளாஸ்டிக் கேன் ஒன்று ஏறக்குறைய 19 கிலோவைத் தாங்கும். ஆறு கேன்கள் கணக்குக்குப் போதும் என்றாலும், எட்டுக் கேன்கள் வைப்பது பாதுகாப்பானது. இருக்கைகளின் அடியில் இரு பக்கமும் சமமாக, பின்புறம் சற்றுக் கூடுதலாக வைத்து, நைலான் பட்டையால் அசையாமல் கட்டவும். கட்டு தளர்ந்தால் கேன் மட்டும் மேலே மிதக்கும், படகு கீழே போகும். தெர்மாகோல் அடைப்பவர்கள் ஒன்றை அறிய வேண்டும்: பெட்ரோல் பட்டாலும் ஃபைபர் பிசின் பட்டாலும் தெர்மாகோல் கரைந்துவிடும்.

மிதவைக்கு அடுத்தபடியாகப் படகில் இருக்க வேண்டியவை: ஆளுக்கு ஓர் உயிர்காப்பு அங்கி, நீர் இறைக்க ஒரு வாளி, இரண்டு துடுப்பு, ஒரு நீண்ட கழி, கயிற்றுடன் சிறு நங்கூரம், டார்ச் விளக்கு, விசில், வலையில் கால் சிக்கினால் அறுக்க ஒரு கத்தி. அங்கியைப் படகில் மடித்து வைப்பதால் பயனில்லை, அணிந்திருக்க வேண்டும். நீச்சல் தெரிந்தவருக்கும் வலை காலைச் சுற்றினால் நீச்சல் உதவாது.

எத்தனை பேர் ஏறலாம்? ஆளும் வலையும் மீனும் ஏறிய பின் படகின் விளிம்பு நீர் மட்டத்துக்கு மேல் ஓர் அடியாவது நிற்க வேண்டும். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் சுற்றுலா வந்தவர்கள் ஏறிய படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்ததை மறக்கலாகாது. விடுமுறைக்கு வந்த உறவினர்களை ஏரி காட்ட ஏற்றிச் செல்லும் வழக்கத்தை அறவே விட்டுவிடுங்கள்.

எஞ்சின் தேவையா?

சிறிய ஏரிக்குத் துடுப்பும் கழியும் போதும். பரந்த ஏரியில் எஞ்சின் பொருத்த எண்ணினால், ஏரிக்குப் பொறுப்பான நீர்வளத் துறை அல்லது ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் முதலில் அனுமதி பற்றிக் கேட்கவும். குடிநீருக்குப் பயன்படும் ஏரியில் இது மிகவும் முக்கியம்.

ஆழம் குறைந்த, ஆகாயத்தாமரை மண்டிய நீரில், நீண்ட தண்டின் நுனியில் சுழலி உள்ள 'லாங் டெயில்' எஞ்சினைத் தூக்கி இறக்கி ஓட்டுவது எளிது. நீரால் குளிரும் வெளிப்பொருத்து எஞ்சின் சேற்றை உறிஞ்சிச் சூடேறிவிடும். ஓடும்போது அதன் பக்கத்துத் துளையில் நீர் பீச்சுகிறதா என்று அடிக்கடி பார்க்கவும். பழைய எஞ்சினின் கியர் எண்ணெய் பால் போல் வெளுத்திருந்தால், சீல் தேய்ந்து உள்ளே நீர் புகுந்துள்ளது என்று அறியவும். கடலில் ஓடிய எஞ்சினை வாங்கியவுடன் நல்ல நீரில் ஓட்டி உப்பை நீக்கவும்.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் எரியாத எரிபொருளும் எண்ணெயும் புகையோடு நீரில் கலக்கும். அந்த நீர்தான் மதகு வழியே உங்கள் நாற்றங்காலுக்கும் வருகிறது. எனவே எண்ணெயைக் கண்ணளவாக ஊற்ற வேண்டாம். கையேட்டில் 50-க்கு 1 என்றிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி அளந்து ஊற்றவும். எரிபொருள் நிரப்புவதைக் கரையிலேயே, நீர் விளிம்பிலிருந்து தள்ளி வைத்துக்கொள்ளவும். மதகு திறந்திருக்கும்போது அதன் அருகே படகைக் கொண்டு செல்லவே கூடாது.

ஆண்டுப் பராமரிப்பு

சித்திரையில் ஏரி வற்றியதும் படகைக் கழுவி, அடைப்பானைக் கழற்றி, மர நிழலிலோ கூரையிலோ மரக்கட்டைகளின் மேல் கவிழ்த்து வைக்கவும். வெயிலில் கிடந்தால் மேற்பூச்சு சுண்ணாம்பு போல் உதிரும். வலையைப் படகின் அடியில் போட்டு வைத்தால் எலி கடித்துவிடும். எஞ்சினில் எரிபொருளை வடித்துவிட்டு நிமிர்த்தி வைக்கவும்.

புரட்டாசியில், மழைக்கு முன், நாணயத்தால் தட்டும் சோதனையை மறுபடி செய்யவும். கேன்களின் மூடி, கட்டுப் பட்டை, போல்ட்டுகள், அங்கிகளின் வார் ஆகியவற்றைப் பார்க்கவும். போல்ட்டுகள் துருப்பிடிக்காத எஃகினால் ஆனவையாக இருக்கட்டும். பின்பலகையில் புதிதாகத் துளை போட்டால் அதன் உட்சுவரில் பிசின் தடவிய பிறகே போல்ட்டை முடுக்கவும். பழுது பார்ப்பதை ஐப்பசிக்குத் தள்ளிப்போட்டால் ஈரக் காற்றில் வேலை சரிவராது.

இந்தப் பட்டியலில் எஞ்சினைத் தவிர மற்றவற்றுக்கு ஆகும் செலவு சிறியது. காலிக் கேன்கள் உங்கள் வீட்டிலேயே இருக்கக்கூடும். பூச்சிக்கொல்லி இருந்த கேனை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள். எஞ்சின் அடுத்த ஆண்டு வாங்கலாம். மிதவையும் அங்கியும் இல்லாமல் இந்த ஆண்டு ஒரு நாள்கூடப் படகை நீரில் இறக்க வேண்டாம்.