வெள்ளத்தில் முழுகும் நெல்லும் அதன் மரபணுக் குடும்பமும்

நெல் நீரில் வளரும் பயிரேயாயினும் நீருக்குள் வாழும் பயிரன்று. நுனியிலையும் தெரியாதபடி ஜலம் மூடி ஒரு வாரத்துக்கு மேல் நிற்குமாயின் பெரும்பாலான ரகங்கள் மடிந்துபோகின்றன. காவேரி டெல்டாவின் தாழ்ந்த நிலங்களில் சம்பா சாகுபடி செய்வோர் இதனை ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்டறிந்தவர்களே.

இதற்குக் காரணம் மூச்சுத் திணறல் மாத்திரமன்று. முழுகிய பயிரினுள் எதிலீன் என்னும் வாயு வெளியேற வழியின்றித் தேங்குகின்றது. அதனால் தூண்டப்பெற்ற பயிர் தலையை வெளியே நீட்டும்பொருட்டு விரைந்து நீள, சேமித்த மாச்சத்தெல்லாம் செலவாகிறது. ஜலம் வடிந்தபின் அது நிற்க வலுவின்றிச் சாய்ந்து, துளிர்க்க முதலின்றிப் பட்டுப்போகிறது.

ஒடிசாவின் நாட்டு நெல்லிலிருந்து தெரிந்தெடுத்த எப்.ஆர். 13-ஏ என்னும் ரகமோ, ஏறக்குறைய இரண்டு வாரம் முழுகிக் கிடந்தும் பிழைப்பது. மகசூலிலும் அரிசியிலும் மட்டமானதாகையால் அதனை அப்படியே பயிரிடுவோர் சிலரே. 1996-ஆம் வருஷத்தில் கெனோங் ஷூ, டேவிட் மாக்கில் என்னும் ஆராய்ச்சியாளர்கள் இக்குணம் நெல்லின் ஒன்பதாம் குரோமோசோமில் ஓரிடத்தைச் சார்ந்தது எனக் கண்டனர். அவ்விடத்துக்கு ஸப்-1 என்று பெயர். அங்குள்ள ஸப்-1ஏ என்னும் மரபணுவே காரணமென்பது 2006-இல் வெளியாயிற்று.

இம்மரபணு, எதிலீனுக்குச் செவிசாய்க்கும் பெரியதொரு குடும்பத்தைச் சேர்ந்தது. நெல்லில் மாத்திரம் அதற்கு நூற்றுக்கு மேற்பட்ட அங்கத்தினர் உண்டு. பிற மரபணுக்களை ஏவுவதும் அடக்குவதும் இக்குடும்பத்தின் தொழில். ஸப்-1ஏ பயிரின் நீட்சியை அடக்கி, மாச்சத்தைக் காத்து, வெள்ளம் வடியும் வரையில் அதனை உறங்கவைக்கிறது. விந்தை யாதெனில், 2009-இல் ஜப்பானியர் ஆழ்நீர் நெல்லில் கண்ட ஸ்நார்க்கல் என்னும் இரு மரபணுக்களும் இதே குடும்பத்தினவாயினும், நேர்மாறாக நீளும்படி ஏவுகின்றன. மாதக்கணக்கில் ஆழ்ந்த ஜலம் நிற்குமிடத்தில் உறங்கும் பயிர் செத்துப்போகும். அங்கே நீள்வதே பிழைக்கும் வழி. ஆகவே தம் வயலில் வரும் வெள்ளம் எத்தன்மையது என்பதை அறியாமல் விதை தேடுதல் வீண்.

ஸப்-1ஏ-வை ஒட்டுச் சேர்க்கையினாலேயே ஸ்வர்ணா ரகத்தில் புகுத்தி, 2009-இல் நம் தேசத்தில் சாகுபடிக்கு விட்டனர். நம் பக்கத்துக்கு ஏற்ற ஸி.ஆர். 1009 ரகத்திலும் அவ்விதமே புகுத்தப்பட்டுள்ளது. நெல் தன் மகரந்தத்தாலேயே கருக்கொள்வதாகையால், கலப்பின்றி எடுத்த விதையை மறு வருஷத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். ஆயினும் விதைத்தவுடன் வயல் முழுகினாலும், அரையாள் ஜலம் வடியாமல் பல வாரம் தேங்கினாலும் இம்மரபணுவை நம்பியிருத்தல் கூடாது. வடிகாலைத் தூர்த்து வைத்துவிட்டு விதையின்மேல் பழி போடுவோரும் உளர்!

ஜலம் வடிந்த அன்று இப்பயிரும் வெளுத்துக் கிடக்கும். அதனை உடனே உழுதுவிடாமல் குருத்தைப் பிரித்துப் பார்க்கவேண்டும். குருத்து உறுதியாயிருப்பின் சில தினங்களில் துளிர் விடும். தழைச்சத்து உரத்தையும் துளிர் கண்ட பின்னரே இடுக. சேதக் கணக்கெடுக்கும் கிராம அதிகாரிகள், எந்த ரகமென்று விசாரித்து எழுதிக்கொண்டு, ஒரு வாரங் கழித்து மறுபடி அவ்வயலைப் பார்வையிடுதல் நலம்.