லாரியின் ஸ்டியரிங்கில் ஆட்டமா?

பாரம் ஏற்றிய லாரி நேர்ச்சாலையிலும் ஒரு பக்கமாக இழுக்குமாயின், அல்லது ஸ்டியரிங்கைத் திருப்பிய பின்னும் சக்கரம் திரும்பத் தாமதிக்குமாயின், பட்டறைக்குச் செல்லுமுன் பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு இவற்றைச் சோதியுங்கள்.

1. முன் டயர்களின் காற்றை அளந்து சமமாக்குங்கள்; பல சமயங்களில் இழுப்புக்குக் காரணம் இவ்வளவே.

2. எஞ்சினை ஓடவிட்டு, கிளீனர் ஸ்டியரிங்கை இருபுறமும் சிறிதளவே அசைத்துக்கொண்டிருக்க, நீங்கள் வெளியே நின்றவாறு டிராக் ராடு, டை ராடு முனைகளைக் கவனியுங்கள். தண்டு நகரும் முன் முனை மட்டும் துள்ளினால் அந்த மூட்டு தேய்ந்துவிட்டது. அதை மாற்றாமல் பிரயாணம் செய்வது பிராணாபாயம்.

3. முன் அச்சை ஜாக்கியால் உயர்த்தி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் வைத்து, டயரின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் பிடித்து உலுக்குங்கள். ஆட்டம் தென்பட்டால், கிளீனரைப் பிரேக்கை அழுத்தி மிதிக்கச் சொல்லி மறுபடியும் உலுக்குங்கள். அப்போது ஆட்டம் மறைந்தால் தோஷம் வீல் பேரிங்கில், மறையாவிட்டால் பெரும்பாலும் கிங் பின்னில். இச்சிறு பரீட்சையைச் செய்யாமல், நல்ல பேரிங்கைக் கழற்றி எறிந்து பணத்தை விரயமாக்குவது மிகவும் வருந்தத்தக்கது.

4. டயரின் மேற்பரப்பைக் குறுக்கே தடவுங்கள்; ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பம் போலவும் இருந்தால் அலைன்மென்ட் குலைந்திருக்கிறது.

5. ஸ்பிரிங் பட்டையை அச்சோடு பிணைக்கும் யு போல்டுகளைப் பாருங்கள். அவை தளர்ந்தால் அச்சே இடம் பெயரும்.