பூட்டு யாருக்காக? சாவி யாரிடம்?
கடைக் கம்ப்யூட்டரும் கட்டற்ற மென்பொருளும்: ஒரு பாடம்



இரவு கடையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போவது நமது அன்றாட வழக்கம். பூட்டும் நம்முடையது, சாவியும் நம்முடையது. ஆனால் இன்று நம் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் வேறு சில பூட்டுகளும் வந்து உட்கார்ந்திருக்கின்றன. பில் போடும் கம்ப்யூட்டர், கார்டு தேய்க்கும் இயந்திரம், மின்னணுத் தராசு, செல்போன் ஆகிய நான்கிலுமே பூட்டு உண்டு. அவற்றின் சாவி யாரிடம் இருக்கிறது என்று நம்மில் பலர் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. அதனால் பட்ட பாட்டிலிருந்தே இந்தப் பாடத்தைத் தொடங்குகிறேன்.

என் கடையில் நடந்தது

பீளமேட்டில் மளிகைக் கடை நடத்தி வருகிறேன். பில் போடுவதற்காக ஒரு மென்பொருளை விலைக்கு வாங்கினேன். நன்றாகவே வேலை செய்தது. தினமும் இரவு கணக்கைப் பென் டிரைவில் நகல் எடுத்து வைப்பேன். மிகவும் கவனமாக இருப்பதாக எனக்கு ஒரு நினைப்பு.

ஒருநாள் கம்ப்யூட்டர் பழுதாகிவிட்டது. புதிய கம்ப்யூட்டர் வாங்கிப் பழைய மென்பொருளை ஏற்றினால், "அனுமதி எண் கொடு" என்று கேட்டது. விற்றவருக்குப் போன் செய்தேன். "அவிங்க கடையைக் காலி பண்ணீட்டுப் போயிட்டாங்கண்ணா" என்றார் பக்கத்துக் கடைக்காரத் தம்பி. பென் டிரைவில் நகல் இருந்தது. ஆனால் அந்த மென்பொருளைத் தவிர வேறு எதனாலும் அதைத் திறக்க முடியவில்லை. அந்த நேரம் பார்த்து, மூன்று வருடத்துக்கு முந்தைய கொள்முதல் ஒன்றுக்கு ஜி.எஸ்.டி. அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதமும் வந்து சேர்ந்தது.

ரங்கே கவுடர் வீதி மொத்த வியாபாரிகள் தங்கள் பில்லின் நகலைக் கொடுத்து உதவியதால் கொள்முதல் கணக்கு நேரானது. வாடிக்கையாளர்களின் கடன் பாக்கிதான் போயிற்று. நாணயமானவர்கள் தாமே வந்து கொடுத்தார்கள். மற்றவை வரவில்லை. என் கடையில், என் கையால், என் கம்ப்யூட்டரில் ஏற்றிய கணக்கு எனக்கே கிடைக்கவில்லை.

சட்டம் இதில் இரக்கம் காட்டாது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். ஜி.எஸ்.டி. சட்டப்படி ஒரு வருடக் கணக்கை, அந்த வருடத்துக்கான ஆண்டு அறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் பாதுகாக்க வேண்டும். கம்ப்யூட்டரில் கணக்கு வைத்திருப்பவர் முறையாக நகல் எடுத்து வைத்து, கேட்கும்போது படிக்கக்கூடிய வடிவில் தர வேண்டும் என்றும் விதி உண்டு. பொறுப்பு நம்முடையது. மென்பொருள் விற்றவருடையது அல்ல.

கட்டற்ற மென்பொருள் என்றால் என்ன?

1983இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர், யாரும் பூட்டி வைக்க முடியாத மென்பொருளை உருவாக்கப் போவதாக அறிவித்து வேலையைத் தொடங்கினார். அவர் வகுத்த உரிமைகள் நான்கு. மென்பொருளை எந்த வேலைக்கும் பயன்படுத்தலாம். அது எப்படி வேலை செய்கிறது என்று திறந்து பார்த்துத் தேவைக்கேற்ப மாற்றலாம். பிறருக்கு நகல் கொடுக்கலாம். நாம் மாற்றியதையும் பிறருக்குக் கொடுக்கலாம். 1991இல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் இதனுடன் சேர, ஒரு கம்ப்யூட்டரை முழுவதுமாகக் கட்டற்ற மென்பொருளில் இயக்குவது சாத்தியமாயிற்று.

ஆங்கிலத்தில் "ஃப்ரீ" என்ற ஒரே சொல் இலவசத்தையும் குறிக்கும், சுதந்திரத்தையும் குறிக்கும். அதனால் அங்கே குழப்பம். தமிழில் அந்தக் குழப்பம் வேண்டியதில்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. கட்டற்ற மென்பொருளை விலைக்கும் விற்கலாம். அதே சமயம், இலவசமாகக் கிடைக்கும் எத்தனையோ செல்போன் செயலிகள் இறுகப் பூட்டப்பட்டவை.

கோவைக்காரருக்கு இதை விளக்குவது எளிது. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இந்த ஊரில் மின் மோட்டார் செய்து காட்டினார்கள். பிறகு மோட்டாரும் பம்ப்செட்டும் ஊரெங்கும் பரவின. மோட்டார் எரிந்துபோனால் எந்தப் பட்டறைக்கும் கொண்டுபோய்க் காயில் கட்டிக்கொள்ளலாம். செய்த கம்பெனியே வர வேண்டும் என்பதில்லை. திறந்து பார்க்க முடிந்ததால்தான் வேலை கற்றவர்கள் பெருகினார்கள், சந்துக்கு ஒரு பட்டறையும் வந்தது. மோட்டாரைத் திறந்தால் ஓடாது என்று கம்பெனி பூட்டியிருந்தால் விவசாயி என்ன ஆவார் என்று எண்ணிப் பாருங்கள். கட்டற்ற மென்பொருள்காரர்கள் கேட்பதும் இதைத்தான்.

ஒரே பெட்டிக்குள் இரண்டும்

அப்படியானால் பூட்டிய பொருளும் கட்டற்ற மென்பொருளும் எலியும் பூனையுமா? இல்லை. ஏற்கெனவே ஒரே பெட்டிக்குள் குடியிருக்கின்றன. 2008இல் விற்பனைக்கு வந்த ஆண்ட்ராய்டு செல்போனின் அடித்தளம் லினக்ஸ்தான். இப்போது வரும் கார்டு இயந்திரங்கள் பலவும் ஆண்ட்ராய்டில் ஓடுபவை. ஆகவே உங்கள் கல்லாவில் லினக்ஸ் ஏற்கெனவே இருக்கலாம், பூட்டுக்குள்.

இப்படிப்பட்ட குடித்தனத்தில் முதலில் பெரிய சண்டையைக் கிளப்பியது அமெரிக்காவில் 1999 முதல் விற்கப்பட்ட டிவோ என்ற டி.வி. பதிவுப் பெட்டி. அதற்குள் லினக்ஸ் இருந்தது. மூல நிரலையும் நிறுவனம் கொடுத்தது. ஆனால் வாங்கியவர் அதை மாற்றி மீண்டும் பெட்டியில் ஏற்றினால் பெட்டி ஏற்றுக்கொள்ளாது. நிறுவனத்தின் முத்திரை இருந்தால்தான் ஓடும். பக்குவத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டு அடுப்பைப் பூட்டி வைத்தது போல.

இதைத் தடுக்க ஸ்டால்மன் தரப்பு 2007இல் ஜி.பி.எல். உரிமத்தின் மூன்றாம் பதிப்பை வெளியிட்டது. வீட்டு உபயோகப் பொருளில் இந்த உரிமம் உள்ள மென்பொருளை வைத்து விற்பவர், மாற்றிய மென்பொருளை ஏற்றும் வழியையும் வாங்கியவருக்குத் தர வேண்டும் என்றது. டோர்வால்ட்ஸ் இதை ஏற்கவில்லை. நிரலைத் திருப்பிக் கொடுத்தால் போதும், பெட்டியைப் பூட்டுவது பெட்டி செய்பவர் இஷ்டம் என்பது அவர் கருத்து. லினக்ஸ் இன்றும் பழைய இரண்டாம் பதிப்பிலேயே இருக்கிறது.

அந்த மூன்றாம் பதிப்பில் நமக்குப் பயன்படும் இரண்டு விலக்குகள் உண்டு. ஒன்று, தொழிலுக்கென்றே விற்கும் இயந்திரங்களுக்கு இந்தக் கட்டாயம் கிடையாது. அதாவது வீட்டு டி.வி. பெட்டிக்குக் கிடைத்த பாதுகாப்பு கடை இயந்திரத்துக்குக் கிடைக்காது. நமக்கு வேண்டியதை நாமேதான் பேசி வாங்க வேண்டும். இரண்டு, வாங்கியவர், செய்தவர் என யாராலுமே மாற்ற முடியாதபடி அமைந்த பொருளுக்கும் கட்டாயம் இல்லை. கையெல்லாம் கட்டப்பட்டிருந்தால் அது நியாயம். ஒருவர் கையை மட்டும் கட்டுவதுதான் குற்றம்.

தராசு சொல்லும் நியாயம்

இதை நாம் தராசிலேயே பார்க்கலாம். மின்னணுத் தராசைச் சட்டமுறை எடையளவுத் துறையிடம் ஆண்டுக்கு ஒருமுறை காட்டி முத்திரை பெற வேண்டும். எடைக்கற்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. முத்திரையை உடைத்துப் பழுது பார்த்தால் மறுபடி முத்திரையிட வேண்டும். இதுவும் பூட்டுதான். இதை நாம் குறை சொல்வதில்லை. ஏனென்றால் அந்தப் பூட்டு நமக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவில் பொதுவாக நிற்கிறது. கார்டு இயந்திரமும் அப்படியே. அதைப் பிரித்தால் உள்ளே இருக்கும் ரகசியச் சாவிகள் அழிந்துவிடும். வாடிக்கையாளரின் ரகசிய எண்ணை யாரும் திருடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனங்களின் கணக்கு மென்பொருளில், திருத்தங்களைக் குறித்து வைக்கும் வசதியை நிறுத்த முடியாதபடி வைக்க வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்ததும் இதே நியாயத்தில்தான்.

ஆனால் என் பில் மென்பொருளின் பூட்டு யாரைக் காத்தது? வாடிக்கையாளரையும் அல்ல, அரசையும் அல்ல, என்னையும் அல்ல. விற்றவரின் வருமானத்தைக் காத்தது. தன் உழைப்பைத் திருட்டு நகலிலிருந்து காப்பாற்ற அவருக்கு உரிமை உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் அவர் தன் மென்பொருளைப் பூட்டுவது வேறு, அத்துடன் சேர்த்து என் கணக்கையும் பூட்டுவது வேறு.

க்யூ.ஆர். அட்டையில் கிடைத்த வெற்றி

நம் கண் முன்னே ஒரு பூட்டு திறந்ததும் உண்டு. கல்லா முன்னால் நான்கைந்து க்யூ.ஆர். அட்டைகளை வரிசையாக ஒட்டி வைத்திருந்த காலம் நினைவிருக்கும். ஒரு நிறுவனத்தின் அட்டை அந்த நிறுவனத்தின் செயலிக்கு மட்டுமே பதில் சொல்லும். 2016இல் யு.பி.ஐ. வந்து எல்லா வங்கிக்கும் ஒரே பாதை போட்டது. ரிசர்வ் வங்கி, பேராசிரியர் தீபக் பாடக் தலைமையில் குழு அமைத்து ஆராய்ந்து, 2020 அக்டோபர் 22இல் உத்தரவிட்டது. தனி நிறுவனத்துக்கு மட்டுமான புதிய க்யூ.ஆர். கூடாது, இருப்பவை 2022 மார்ச் 31க்குள் பொதுவான க்யூ.ஆருக்கு மாற வேண்டும் என்பது அந்த உத்தரவு. இன்று ஓர் அட்டை போதும், எந்தச் செயலியிலிருந்தும் பணம் வரும்.

அந்தச் செயலிகளின் நிரலை நிறுவனங்கள் நமக்குத் திறந்து காட்டவில்லை. அவை இன்றும் பூட்டியவையே. பாதை பொது, வண்டி தனியாருடையது. ஆகவே இதை முழு மென்பொருள் சுதந்திரம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் ஒரு வண்டிக்காரர் சரியில்லை என்றால் இறங்கி இன்னொரு வண்டியில் ஏறலாம். வியாபாரிக்கு அதுவே பெரிய பலம்.

தமிழ்நாடு அரசின் அனுபவம்

அரசுக்கும் இதே பிரச்சினை வந்தது. 2014 ஏப்ரல் 8இல் விண்டோஸ் எக்ஸ்.பி.க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. கம்ப்யூட்டர் பழுதாகவில்லை, ஆனாலும் அதற்குள் இருந்த மென்பொருளின் காலம் முடிந்துவிட்டது. அப்போது தமிழ்நாடு அரசு தன் துறைகளுக்குப் பாஸ் லினக்ஸைக் கைகாட்டியது. அது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய கட்டற்ற மென்பொருள். அதற்கு முன்பே, 2011இல் தொடங்கிய மாணவர் மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ஒரே கணினியில் சேர்த்துத் தரப்பட்டன. ஒரு வீட்டுக்கு இரண்டு வாசல். எதைத் திறப்பது என்பது உள்ளே இருப்பவர் விருப்பம். இரண்டும் சேர்ந்து வாழ முடியும் என்பதற்கு நம் பிள்ளைகளின் பைக்குள்ளேயே சாட்சி இருந்தது.

அப்படியானால் நாம் என்ன செய்வது?

"கட்டற்றதைப் போட்டால் பழுது வந்தால் யார் வருவார்கள்? காசு கொடுத்து வாங்கியதென்றால் கூப்பிட்டால் ஆள் வருவார்" என்று நண்பர்கள் சொல்வார்கள். நியாயமான பேச்சு. கட்டற்ற மென்பொருளுக்கும் ஆள் வேண்டும், கூலியும் வேண்டும். மும்பையில் உருவான ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட், பல ஆண்டுகளாகப் புழங்கும் க்னூகேஷ் போன்ற கட்டற்ற கணக்கு மென்பொருள்கள் இருக்கின்றன. ஆனால் கற்றுக்கொள்ளாமல் அவை தாமாக வேலை செய்யாது. அங்கே கிடைக்கும் வித்தியாசம் ஒன்றுதான்: இந்த ஆள் வராவிட்டால் வேறு ஆளைக் கூப்பிடலாம். காயில் கட்டும் பட்டறை போல.

எல்லோரும் நாளைக்கே லினக்ஸுக்கு மாறுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பூட்டிய பொருளை வாங்கலாம், அதன் பூட்டு நம் கணக்கின் மேல் விழாதவரை. வாங்கும் முன் இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

1. என் கணக்கு முழுவதையும், கடன் பாக்கி உட்பட, எக்ஸெல் போன்ற பொது வடிவில் நானே எடுத்துக்கொள்ள முடியுமா? வாங்கும் முன்பே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

2. வருடச் சந்தா கட்டாவிட்டால் பழைய கணக்கைப் பார்க்கவாவது முடியுமா?

3. கம்ப்யூட்டர் பழுதானால், அல்லது நீங்கள் கடையை மூடினால், அனுமதி எண்ணை யார் தருவார்கள்? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

4. கணக்கு என் கம்ப்யூட்டரில் இருக்கிறதா, வேறு எங்கோ இருக்கிறதா? வேறு எங்கோ என்றால் நகல் எனக்கு எப்படி வரும்?

5. இந்தப் பூட்டு யாரைக் காக்கிறது? தராசு முத்திரை போல இருவரையும் காக்கிறதா, விற்பவரை மட்டுமா?

இப்போது நான் மாதம் ஒருமுறை கணக்கைப் பொது வடிவில் எடுத்து, கட்டற்ற மென்பொருளான லிப்ரே ஆஃபீஸில் திறந்து பார்த்து, கடன் பாக்கிப் பட்டியலை மட்டும் காகிதத்தில் அச்செடுத்து வைக்கிறேன். நகல் எடுத்தால் மட்டும் போதாது, அந்த நகல் வேறு இடத்தில் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதே நான் விலை கொடுத்துக் கற்ற பாடம்.

சங்க உறுப்பினர்கள் தனித்தனியாகக் கேட்டால் விற்பவர் சிரித்துவிட்டுப் போவார். பத்துக் கடைக்காரர் சேர்ந்து இதே ஐந்து கேள்வியைக் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் மென்பொருளிலிருந்து ஒரு மாதக் கணக்கை வெளியே எடுத்துப் பார்த்துவிட்டு வாருங்கள். யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்று ஒன்றாக உட்கார்ந்து பேசுவோம்.